வெப்பத்தை இறைக்கும் பொறியும் வீட்டுமொழியும்



இப்பொழிவு வரிசையில் இதுவரை இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய அவை இது. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டுச் சுவரில் தொங்கும் பொறி. மொழியியல் பயின்றவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் புன்முறுவல் பூப்பதை மேடையிலிருந்தே காண்கிறோம். நாம் பொறியியலார் அல்லோம். ஆயினும் ஒரு பொருளைப் பற்றி மக்கள் எவ்வாறு பேசுகிறார்கள் என்பதைக் கேட்பது நம் தொழிலாக இருந்தது. அவ்வாறு கேட்டுக்கொண்டே வந்ததில் ஒன்று புலப்பட்டது. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றும் இப்பொறியை வாங்குவோர் தவறான முடிவுக்கு வருவது பல வேளைகளில் அறிவுக் குறைவால் அன்று. அவர்கள் கையில் கிடைத்திருக்கும் சொற்களால்.

ஆங்கிலத்தில் ஹீட் பம்ப் என்று இதற்குப் பெயர். மலாயில் பாம் ஹாபா என்பர். நம் நாட்டில் இது இரு வடிவில் வீடு புகுகிறது. ஒன்று, நாம் ஏர்கோன் என்று அழைக்கும் குளிர்சாதனம். மற்றொன்று, அண்மைக்காலமாக விற்பனையாளர் கொண்டுவரும், காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வெந்நீர் தரும் கலம். குளிர்நாடுகளில் குடியேறிய நம் உறவினரின் வீடுகளுக்கு மூன்றாவது வடிவில், வீட்டைச் சூடாக்கும் பொறியாகச் செல்கிறது. மூன்றும் ஒரே பொறியே என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணம் நாம் வைத்திருக்கும் பெயர்கள்.

பெயர் என்றதும், நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரைப் பற்றி ஒரு சொல். பைராம் என்பது தமிழும் அன்று, மலாயும் அன்று. கரும்புக் காலத்தில் செபராங் பிறையின் இத்தென்பகுதித் தோட்டங்களுக்கு உரிமையாளராய் இருந்த ராம்ஸ்டன் குடும்பத்தார்க்கு இங்கிலாந்தின் யார்க்ஷையரில் பைராம் என்னும் ஊரில் மாளிகை இருந்தது. அவ்வூர்ப் பெயரே கடல் கடந்து இங்கு வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மாட்டுக்கொட்டில்கள் இருக்குமிடம் என்று பொருள் கூறுவர் பெயராய்வாளர். கரும்பு போய்க் கித்தா வந்து, கித்தா போய்ச் செம்பனை வந்த பின்னும் அப்பெயர் நிற்கிறது. பெயரின் பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரில் வாழ்ந்துவிடலாம். அதனால் யாருக்கும் இழப்பில்லை. ஆயின் ஒரு பொறியின் பெயர் அதன் செயலை மறைத்தால் இழப்பு உண்டு. அது மாதந்தோறும் கட்டணச் சீட்டில் வந்து சேரும்.

நம் தங்கை ஒருத்தி நிபோங் திபால் பக்கத்துத் தாமான் ஒன்றில் இணைவீட்டில் வாழ்கிறாள். 10 அடிக்கு 11 அடி படுக்கையறை. வெக்கை தாங்காமல் ஏர்கோன் பூட்ட முடிவுசெய்து கடைக்குச் சென்றாள். கடைக்காரர், "பெரிசா எடுத்தா சீக்கிரம் குளுந்துடும்மா" என்றார். இரண்டரைக் குதிரைத்திறன் கொண்டதை எடுத்தாள். வெளிப்பெட்டியை வைக்கச் சுவர் தேடியபோது, பின்கட்டில் துணி துவைக்கும் இடமே வசதி என்று பூட்டினார்கள். அப்பின்கட்டோ தகரக்கூரை வேய்ந்து, மூன்று புறமும் அடைத்து, சமையலறையோடு சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து நம்மை அழைத்தாள். "அண்ணே, ரூம்பு ஐஸ் மாதிரி இருக்கு, ஆனா ஒடம்பெல்லாம் ஒட்டுது. சொவத்துல பூசணம் வேற. அடுப்படியில நிக்க முடியல" என்றாள். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. அவரும் அதே சொற்களுக்குள்ளேயே இருந்தார்.

அச்சொற்களைப் பார்ப்போம். குளிர்சாதனம், குளிரூட்டி என்று நாம் எழுதுகிறோம். குளிர்பதனப் பெட்டியை இலங்கைத் தமிழர் குளிரேற்றி என்பர். ஊட்டுதல் என்பது கொடுத்தல். தாய் குழந்தைக்குச் சோறூட்டுவது போல. ஏற்றுதல் என்பது சேர்த்தல். ஆகவே இச்சொற்களைக் கேட்பவர் மனத்தில், குளிர் என்பது ஒரு பொருள், பொறி அதனை உண்டாக்கி அறைக்குள் செலுத்துகிறது என்னும் படமே எழும். "கதவைச் சாத்து, குளிர் வெளியே போகுது" என்று வீட்டில் சொல்வதும் அப்படத்தால்தான். மலாயின் பெங்ஹாவா டிங்கின் என்பதும் குளிர்ந்த காற்றைத் தருவது என்னும் பொருளே தருகிறது. உண்மையில் குளிர் என்றொரு பொருள் இல்லை. இருப்பது வெப்பம் ஒன்றே. அது மிகுந்திருக்கும், அல்லது குறைந்திருக்கும். ஏர்கோன் அறைக்குள் எதையும் ஊட்டுவதில்லை. அறையிலிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. அறைக் காற்றையே உள்ளிழுத்து, வெப்பம் களைந்து, மீண்டும் அறைக்கே விடுகிறது.

இதற்கு ஏற்ற உவமை நம் முன்னோர் கைப்பழக்கத்திலேயே உள்ளது. ஏற்றமும் கவலையும் கண்டவர் இவ்வவையில் மிகச் சிலரே இருப்பர். தமிழ்நாட்டின் கிணற்று மேட்டில் இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். தோற்சால் நிறைய நீர் மேலேறி வாய்க்காலில் விழும். ஆம்பி, கிழார் என்னும் நீரிறை கருவிகளின் பெயர்கள் சிலப்பதிகாரத்திலேயே உள்ளன. அவ்வளவு பழைய தொழில். இதில் மாடுகள் நீரை உண்டாக்குவதில்லை. நீர் கிணற்றிலேயே இருந்தது. மாடுகளின் உழைப்பு அதனைத் தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்திற்கு ஏற்றியது. ஏர்கோனுக்குச் செலவாகும் மின்சாரம் அம்மாடுகளின் உழைப்பு. நீர் தானே மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவது போல, வெப்பமும் தானே சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே ஓடும். அதனை எதிர்த்திசையில் ஏற்ற வேண்டுமாயின் உழைப்பு வேண்டும்.

இவ்வுவமை வெறும் அழகுக்கு அன்று, கணக்குக்கும் பொருந்துகிறது. கிணறு ஆழமாக ஆக மாடுகளின் உழைப்பு கூடும். அதுபோல, வெப்பம் எடுக்கும் இடத்திற்கும் கொட்டும் இடத்திற்கும் இடையே சூட்டு வேறுபாடு மிகுந்தால் மின்செலவு மிகும். வெளியே 32 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். அறையை 24 பாகையில் வைத்தால் ஏற்ற வேண்டிய உயரம் 8 பாகை. 16 பாகையில் வைத்தால் உயரமும் 16 பாகை. அதுமட்டுமன்று. குளிர்ந்த அறைக்குள் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும்; வேறுபாடு இரட்டித்தால் அவ்வூற்றும் ஏறத்தாழ இரட்டிக்கும். கிணறும் ஆழமாகி, இறைக்க வேண்டிய நீரும் பெருகிவிட்டது என்பதற்கு ஒப்பு இது. பொறியின் உட்சுருள்கள் அறையைவிடக் குளிர்ந்தும், வெளிச்சுருள்கள் வெளிக்காற்றைவிடச் சூடாகவும் இருந்தாக வேண்டுமாதலால் மெய்யான உயரம் நாம் சொன்னதைவிட மிகுதி. ஆயினும் போக்கு இதுவே.

பொறி இதனை எவ்வாறு செய்கிறது என்று மாணவர் கேட்பர். மண்பானையில் நீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளை வழியாகக் கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பொறியினுள் நீருக்குப் பதில் எளிதில் ஆவியாகும் வேறொரு பொருள் ஓடுகிறது. இன்று கடைகளில் மிகுதியாகக் காணப்படும் ஆர் 32 என்பது இயல்பான காற்றழுத்தத்தில், உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 52 பாகையிலேயே கொதித்துவிடும். அது அறைக்குள் இருக்கும் சுருளில் ஆவியாகி அறை வெப்பத்தைக் குடிக்கிறது. அவ்வாவியை வெளிப்பெட்டியில் உள்ள அமுக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதைப் பிரஷர் குக்கர் வைத்திருக்கும் எந்தத் தாயும் அறிவார். அழுத்தப்பட்ட ஆவி சூடேறி, வெளிச்சுருளில் வெப்பத்தைக் கக்கிவிட்டு நீர்மமாகிறது. பின் ஒரு குறுகிய வழியே அழுத்தம் தளர்ந்து மீண்டும் அறைக்குத் திரும்புகிறது. சாலும் வடமும் மேலும் கீழும் போய்வருவது போல இச்சுற்று முடிவின்றி நடக்கிறது.

இங்கு மற்றொரு சொல் நம்மை ஏமாற்றுகிறது. சுற்றி வரும் அப்பொருளைக் கேஸ் என்கிறோம். சமையல் எரிவாயுவையும் கேஸ் என்கிறோம். சமையல் கேஸ் எரிந்து தீரும். ஆகவே பழுதுபார்ப்பவர், "கேஸ் தீந்துபோச்சு, நெரப்பணும்" என்றால் வீட்டார் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஏர்கோனின் கேஸ் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். "தீர்ந்தது" என்னும் சொல்லை ஏற்றவர் ஆண்டுதோறும் நிரப்புவார். "ஒழுகுகிறது" என்னும் சொல்லை உடையவர் ஒழுக்கை அடைக்கச் சொல்வார். ஒரு வினைச்சொல்லின் விலை இது.

கூட்டு, குறை என்னும் இரு வினைகளையும் கவனியுங்கள். "ஏர்கோனைக் கூட்டி வை" என்று நம் வீடுகளில் சொன்னால் எண்ணைக் குறைக்க வேண்டும் என்று பொருள். 24 இருந்தால் 20 ஆக்குவோம். நாம் கூட்டச் சொல்வது குளிரை. பொறியில் எழுதியிருப்பது சூட்டின் அளவு. மின்சிக்கன அறிவுரை ஒன்றைத் தமிழில் எழுதுபவர், "கூட்டி வைத்தால் மின்சாரம் மிச்சம்" என்று எழுதினால் படிப்பவர் 16-க்குக் கொண்டுபோவார். எண்ணைச் சொல்லியே எழுத வேண்டும்: "24-க்குக் கீழே இறக்காதீர்கள்". இன்னொன்று: பழைய வகைப் பொறியில் 16 வைப்பதால் அறை விரைந்து குளிர்வதில்லை. மாடு அதே வேகத்தில்தான் நடக்கும். நிற்கும் நேரம்தான் தள்ளிப்போகும்.

தங்கை வீட்டுக்குத் திரும்புவோம். அறை பனிபோல் குளிர்ந்தும் உடல் ஏன் ஒட்டியது? தமிழில் வெக்கை வேறு, புழுக்கம் வேறு. வெக்கை காற்றின் சூடு. புழுக்கம் என்பது காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை உலராமல் உடல் தவிப்பது. பினாங்கில் நம்மை வாட்டுவது பெரும்பாலும் புழுக்கமே. ஏர்கோன் இரண்டு வேலை செய்கிறது: காற்றின் சூட்டைக் களைகிறது, குளிர்ந்த சுருளில் ஈரத்தைப் படியவைத்து வடிக்கிறது. வெளிக்குழாயில் சொட்டும் நீர் பொறியின் கோளாறு அன்று. அறையிலிருந்து பிழிந்த புழுக்கம் அது. இரண்டாவது வேலைக்குக் காலம் வேண்டும். பெரிய பொறி சிறிய அறையைச் சில நிமிடங்களிலேயே குளிர்வித்து நின்றுவிடும். ஈரம் வடிவதற்குள் அமுக்கி ஓய்ந்துவிடும். வெக்கை போயிற்று, புழுக்கம் போகவில்லை. குளிர்ந்த சுவரில் அவ்வீரம் தங்கிப் பூசணமாயிற்று. 'சீக்கிரம் குளிர்தல்' என்பதே குறை ஆனது. புழுக்கம் என்னும் சொல்லைத் தாய்மொழியில் வைத்திருந்தும், கடைக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம்.

அத்தகைய அறைக்கு ஒரு குதிரைத்திறன் போதும். மேற்கு வெயில் நேரே அடிக்கும் மாடியறையாயின் சற்றுக் கூடுதல் வேண்டலாம். இக்குதிரைத்திறன் என்னும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டு ஏர்கோன் வணிகத்தில் ஒரு குதிரைத்திறன் என்பது மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யூ. வெப்பத்தைக் களைவது, அதாவது 2.6 கிலோவாட். அது பொறி இழுக்கும் மின்சாரத்தின் அளவு அன்று. 2.6 கிலோவாட் வெப்பத்தை இறைக்கத் தரமான பொறிக்கு 0.7 அல்லது 0.8 கிலோவாட் மின்சாரமே செல்லும். இரண்டும் சேர்ந்து வெளிப்பெட்டி வழியே 3.4 கிலோவாட் அளவுக்கு வெப்பமாக வெளியேறும். மூன்று மின்னடுப்புகளை ஒருசேர எரியவிட்டதற்கு இது ஒப்பு. இரண்டரைக் குதிரைத்திறன் பொறிக்கு இதனை இரண்டரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். தகரக்கூரை வேய்ந்த பின்கட்டில் அதனைக் கொட்டினால் அடுப்படியில் நிற்க முடியுமா? மேலும், அடைபட்ட அவ்விடம் 40 பாகையைத் தாண்டிச் சூடேறினால், பொறி இறைக்க வேண்டிய உயரமும் ஏறிவிடுகிறது. தான் கொட்டிய நீரே மேட்டை உயர்த்துகிறது எனலாம்.

தமிழ்நாட்டில் குதிரை இல்லை, டன் என்பார்கள். ஒன்றரை டன் ஏ.சி. என்றால் எடையென்று எண்ணுவோர் அங்கும் உண்டு. அது பனிக்கட்டிக் காலத்து அளவு. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகிக் களையும் வெப்பத்தின் வீதமே ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யூ., நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரைக் குதிரைத்திறன். சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் அப்பழங்காலத்தின் சான்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப்பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் மரத்தூள் பொதிந்து கொண்டுவந்து அங்குச் சேமித்தனர். பின்னர் விவேகானந்தர் 1897-இல் தங்கியதால் அக்கட்டடம் விவேகானந்தர் இல்லமாயிற்று. குளிர் ஒரு பொருளாக, எடைபோட்டு விற்கும் சரக்காக மெய்யாகவே இருந்த காலம் அது. பனிக்கட்டி வணிகம் மறைந்தது; எடை அளவு மட்டும் ஒட்டிக்கொண்டது. மொழியில் இத்தகைய எச்சங்கள் பல.

தமிழ்நாட்டு நூல்களையும் காணொளிகளையும் பார்த்து ஏர்கோன் வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கே இன்வர்ட்டர் என்றால் மின்தடை நேரத்தில் விளக்கெரிய உதவும் மின்கலப் பெட்டி. இங்கே ஏர்கோன் மீது எழுதியிருக்கும் இன்வர்ட்டர், அமுக்கியின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. மின்சாரம் போனால் ஓடும் என்று நம்பி வாங்கிய ஒரு பெரியவரை நாம் அறிவோம். வேகம் மாறும் பொறி நின்று நின்று ஓடுவதைவிட மெல்ல இடைவிடாது ஓடுவதால் மின்சாரமும் மிச்சம், புழுக்கமும் நன்கு தீரும். ஆயினும் அதற்கும் கீழெல்லை உண்டு. மிகப்பெரிய பொறியைச் சின்னஞ்சிறு அறைக்குப் பொருத்த அதனாலும் இயலாது.

இனி வெந்நீர்க் கலம். 'காற்றிலிருந்து இலவச வெந்நீர்' என்னும் விளம்பரத்தில் பாதி உண்மை. கிணற்று நீர் இலவசந்தான். மாட்டுக்குத் தீனி இலவசம் அன்று. கணக்கைப் பாருங்கள். 100 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 3.3 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். மின்கம்பிச் சுருளால் சூடாக்கினால் அவ்வளவு மின்சாரமும் செலவாகும். நம் வெப்பமான காற்றில் இயங்கும் இப்பொறி ஒரு பங்கு மின்சாரத்திற்கு மூன்றரைப் பங்கு வெப்பம் தருமாயின் 0.9 கிலோவாட் மணிதான் செலவு. இப்பெருக்கத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் செயல்திறன் குணகம் என்கின்றன. ஆற்றலைப் படைக்கும் மாயம் இதில் இல்லை. காற்றில் இருந்த வெப்பம் இடம் மாறியது.

அப்படியானால் எல்லோரும் வாங்கலாமே என்பீர்கள். இங்கேதான் நம் கருத்து வேறுபடுகிறது. பினாங்கில் குழாய் நீரே வெதுவெதுப்பானது. நால்வர் கொண்ட குடும்பம் 3.6 கிலோவாட் உடனடிச் சூடேற்றியில் ஆளுக்கு 5 நிமிடம் குளித்தால் ஒரு நாளுக்கு 1.2 கிலோவாட் மணி ஆகும். புதிய பொறியால் அதில் 0.8 மிஞ்சலாம், ஆண்டுக்கு 300 கிலோவாட் மணி அளவு. கலத்தில் நீர் சூடாகக் காத்திருக்கும்போது கசியும் வெப்பத்தை இதில் கழிக்க வேண்டும். சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய பொறி இம்மிச்சத்தைக் கொண்டு தன் விலையை எப்போது ஈட்டும் என்பதை அவரவர் கட்டணச் சீட்டை வைத்து அவரவரே கணக்கிடலாம். மாணவர் விடுதிக்கும், தங்கும் விடுதிக்கும், மருத்துவமனைக்கும், குளிர்ந்த நீர் வரும் கேமரன் மலைக்கும் விடை வேறாக இருக்கும். சிறிய குடும்பத்திற்கு, இருக்கும் சூடேற்றியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதே முதல் வேலை. அதன் மின்னிணைப்பில் 10 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் காப்பு விசை உண்டா என்று பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். இது பொழிவின் பொருளுக்குச் சற்றே புறம்பு; ஆயினும் ஓர் உயிர் காக்குமாயின் புறம்பாகவே இருக்கட்டும்.

குளிர்நாட்டு உறவினர்க்கு இப்பொறி ஆடம்பரம் அன்று, பெருமுடிவு. இங்கிலாந்தில் எரிவாயுக் கொதிகலனை நீக்கி இதனைப் பூட்டுவோர்க்கு அரசு 7,500 பவுண்டு உதவி தருகிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், ஒரே வகைப் பொறி கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் என்று 1852-இலேயே எழுதினார். 1856-இல் ஆஸ்திரியாவில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் உப்புநீர் காய்ச்சும் ஆலையில் அவ்வகைப் பொறியை இயக்கிப் பார்த்தார். 1938-இல் சூரிக் நகர மன்றக் கட்டடம் பக்கத்து லிம்மட் ஆற்றின் வெப்பத்தை இறைத்துச் சூடாக்கப்பட்டது. பனிக்கால ஆற்றில் வெப்பமா என்று வியக்க வேண்டா. கையைச் சுண்டவைக்கும் நீரிலும் வெப்பம் உண்டு. ஆழத்தில் கிடக்கிறது, அவ்வளவே.

இலண்டனில் வாழும் மருமகன் ஒருவர் பூட்டிய சில நாளிலேயே முறையிட்டார்: "மாமா, ரேடியேட்டர் தொட்டா சூடே இல்ல, ஏமாத்திட்டாங்க போல." பழைய கொதிகலன் 70 பாகை நீரை அனுப்பியது, புதியது 45 பாகை நீரை அனுப்புகிறது. தொட்டால் வெதுவெதுப்புத்தான். அறையோ 20 பாகையில் நிலையாக இருந்தது. சூடு என்பது ஒரு பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. வெப்பம் என்பது எவ்வளவு கொட்டுகிறது என்பது. மெல்லிய சூட்டில் நெடுநேரம் கொட்டினாலும் அறை நிறையும். ஏற்ற உயரம் குறைவதால் செலவும் குறையும். இதற்காகவே அங்கே பெரிய ரேடியேட்டர் வேண்டும், சுவரும் சன்னலும் வெப்பம் ஒழுகாமல் அடைக்கப்பட வேண்டும், பொறியை அடிக்கடி நிறுத்தாமல் ஓடவிட வேண்டும் என்கிறார்கள். இவற்றைப் பொறி வருமுன் கேட்டறிந்திருந்தால் அவர் நம்மை நள்ளிரவில் எழுப்பியிருக்க மாட்டார்.

இப்பொறிக்குத் தமிழில் என்ன பெயர்? பம்பு என்பதற்குத் தமிழ்நாட்டு அறிவியல் எழுத்தில் எக்கி வழங்குகிறது. இலங்கைப் பாடநூல்களில் பம்பி. ஆகவே வெப்ப எக்கி, வெப்பப் பம்பி என்று இரண்டும் இயலும். நாம் வெப்ப இறைவை என்று சொல்லிப் பார்க்கிறோம். இறைவைப் பாசனம் என்னும் தொடர் உழவரிடம் உயிரோடு உள்ளது. இறைவை என்றவுடன் எங்கிருந்து, எங்கே, எவ்வளவு உயரம் என்னும் மூன்று வினாவும் தாமே எழும். (வாரி இறைத்தல் என்னும் மற்றொரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு, அறியாமல் வாங்குவோர்க்கு அதுவும் பொருந்தும்.) ஏர்கோன் என்னும் சொல்லை விரட்ட வேண்டும் என்பது நம் கட்சி அன்று. மக்கள் வாயில் நிலைத்த சொல்லோடு சண்டையிட்டு வென்ற புலவர் இல்லை. வகுப்பறையில் விளக்கும்போது இறைவை கைகொடுக்கும் என்பதே நம் முறையீடு.

சொல்லாக்கம் செய்தவர்கள் நமக்கு முன்பும் இவ்வாறே நினைத்தனர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 19-ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். அவர்கள் நினைத்தது பாடநூலை. நாம் நினைப்பது கடை வாசலை. கையொப்பமிடும் மேசையருகே நிற்கும் வீட்டுக்காரம்மாவுக்குச் சொல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் ஏர்கோன் மீது எரிசக்தி ஆணையத்தின் விண்மீன் வில்லை ஒட்டியிருக்கும். ஐந்து விண்மீன் உயர்ந்தது. ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி செலவாகும் என்பதும் அதில் உண்டு. அதில் தமிழ் இல்லை. மாணவர் அதனைப் படியெடுத்து வந்து, பாட்டிக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். ஒரே அளவுடைய இரண்டு பொறிகளின் ஆண்டுச் செலவை ஒப்பிட்டு, விலை வேறுபாட்டை வகுத்துப் பார்க்கட்டும். வெளிப்பெட்டி எங்கே நிற்கும், அதன் சூடு யார் மீது விழும், சொட்டும் நீர் எங்கே போகும், ஒழுகினால் யார் வந்து பார்ப்பார் என்று பாட்டியையே கேட்கச் சொல்லட்டும். மொழிப்பாடமா, அறிவியலா, கணக்கா என்று கால அட்டவணை கேட்கும். எதிலேனும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டில் வெளிப்பெட்டியைப் பின்கட்டிலிருந்து எடுத்துத் திறந்த பக்கச் சுவருக்கு மாற்றினோம். அடுப்படி பழைய நிலைக்கு வந்தது. பொறியை மாற்ற மனமில்லை; கொடுத்த பணம் கண்ணில் நிற்கிறது. ஈரம் களையும் முறைக்குத் தொலையியக்கியில் ஒரு பொத்தான் இருப்பதைக் காட்டினோம். நீர்த்துளிப் படம் போட்டிருக்கும். "இதுதான் புழுக்கத்துக்கா? மழ பேஞ்சா அமுக்குறதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். இப்போது 25-இல் வைத்து அப்பொத்தானை அமுக்கிவிட்டு உறங்குகிறாள். பூசணம் பிடித்த சுவரை அடுத்த தீபாவளிக்குள் சுரண்டிச் சாயம் பூச வேண்டும் என்று நம்மிடம் சொல்லியிருக்கிறாள்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.